சமதளம்

முட்டிக்குள் இரண்டு திருகாணி முடுக்கி
வீட்டுக்கு அனுப்பும்போது
பாளையங்கோட்டை மருத்துவர் சொன்னார்:
மலை வேண்டாம். மாடிப்படி வேண்டாம்.
சமதளத்தில் மெல்ல நடங்க.

பொதிகை ஏற வாங்கிய அனுமதிச் சீட்டை
நாலாக மடித்துப் பர்சில் வைத்துவிட்டு
குதிரைமொழித் தேரிக்கு வந்தேன்.

கூட வந்தது இருவர்.
மின்வாரியத்தில் மீட்டர் குறிக்கும் பலவேசம்,
அவன் மனைவி பிளெஸ்ஸி.
ஒரு பை கொய்யா, ஆறு லிட்டர் தண்ணீர்,
உப்பும் வத்தல்பொடியும் பொட்டலமாக
எல்லாம் எடுத்தவள்
கத்தியை மட்டும் மேசைமேல் விட்டிருந்தாள்.

மில்லில் திரித்து
நியூஸ்பேப்பரில் ஆறப்போட்ட வத்தல் நிறம்.
அது மைல் கணக்கில் கிடந்தது.
கால் வைத்தால் ஓரடி போகும்,
அரையடி திரும்ப வாங்கிக்கொள்ளும்.
இது சமதளமா என்று பலவேசத்திடம் கேட்டேன்.
"காலையில இருந்துச்சு" என்றான்.

மேகாத்து அடிக்கிற மாசம்.
கணுக்காலுக்குக் கீழே தரை ஓடியது,
மேலே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.
பின்னால் பார்த்தேன்:
பத்தடிக்கு அப்பால்
நாங்கள் வந்ததற்குச் சாட்சியில்லை.

கொல்லாமரங்கள் தாண்டி
ஒரு பனை, கழுத்துவரை மணலில்.
அதன் குருத்தோலையை
நின்ற இடத்திலிருந்தே கையால் தொட்டேன்.
ஏழெட்டு ஆள் உயரம்
எனக்குக் கீழே எங்கேயோ நின்றது.
பனை ஏறி அறியாத குடும்பத்தில்
நான்தான் முதலில் உச்சி தொட்டவள்,
அதுவும் வைத்தியர் சொல் மீறாமல்.

பிறகு ஒரு பள்ளம்.
காற்று வழித்தெடுத்த சிவந்த கட்டாந்தரை,
அதில் வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள்.
பாட்டில் உடைச்சுப் போட்டிருக்கான் என்றான் பலவேசம்.
பிளெஸ்ஸி குனிந்து ஒன்றை எடுத்தாள்,
"ச்சீ" என்று கையை உதறினாள்.
பெருவிரலில் மெல்லிய சிவப்புக் கோடு.
நகத்தளவு கல்.
ஒரு பக்கம் பிடிக்க மழுக்கியிருந்தது,
மறுபக்கம் யாரோ வேண்டுமென்றே
அந்தக் கோட்டுக்காகத் தட்டியிருந்தார்கள்.

எத்தனை ஆயிரம் வருஷம் என்று
எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது.
கொய்யா மட்டும் வெட்டுப்பட்டது.
நாலு துண்டு, உப்பு, பொடி.
பல்லில் கடிபட்டது விதையா மணலா
என்று பார்க்காமல் தின்றோம்.

இதைத் தட்டியவன், அல்லது தட்டியவள்,
குத்தவைத்துத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.
நான் காலை நீட்டிப் போட்டு
பொறாமையோடு அதை நினைத்தேன்.
"எடுத்துட்டுப் போனா கேசு வே" என்றான் பலவேசம்.
சாற்றைத் துடைத்து
கிடந்த இடத்திலேயே அழுத்திவைத்தாள்.

சாயங்காலம் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு.
சரளைக்கல் தரை, உடைமரம்,
அந்தப் பக்கம் ஆறு
வயலுக்குப் பச்சை கொடுத்துக்கொண்டு.
கண்ணாடி போட்ட குழிக்குமேல் நடந்தோம்.
எனக்கு மட்டும் செருப்பு கனத்தது.
காலுக்கடியில் தாழிகள்,
வாய் உடைந்தவை, வாய் மூடியவை.
சிலரை முட்டி மடக்கி
நெஞ்சோடு சேர்த்து இறக்கியிருப்பார்கள்
என்று பக்கத்தில் ஒருவர்
தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் முட்டி தொண்ணூறு பாகைக்குமேல் மடங்காது.
இந்தத் தாழிகள் எதிலும்
எனக்கு இடமில்லை.

எங்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம்.
மறுநாள் சாம்பல் அள்ளுகிறவன் விரலில்
இரண்டு திருகாணி தட்டும்.
குத்தாமல் இருக்க வேண்டும் அவனுக்கு.

நேரமாச்சு என்றார் காவலாளி.
பலவேசம் பழக்கதோஷத்தில்
சுவர் மீட்டரைக் குனிந்து படித்துவிட்டு வந்தான்.
பேருந்தின் முதல் படி
எப்போதும்போல் தொடை உயரம்.
நல்ல காலை முதலில் வைத்து,
கம்பியைப் பிடித்து,
பின்னால் ஆள் காத்து நிற்க,
ஏறினேன்.