பெயர்த்தல்

அர்வைஹேரில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலின் உட்புறத்திலும் பனி பிடித்திருந்தது.
பழைய அட்டவணைகளைப்
புதிய தரவுத்தளத்துக்குப் பெயர்த்து வைப்பது என் வேலை.

கால்நடைக்கு ஐந்து பத்திகள்:
குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு.
எண் மட்டுமே நுழையலாம் என்று வகை வைத்தேன்.
எழுத்தர்கள் எழுதி அனுப்பியிருந்ததோ
"முந்நூறு இருக்கும்"
"40, அதில் ஒன்று குருடு"
"ஓநாயைக் கேளுங்கள்".
எண்ணாக மாற்று என்றேன்.
முந்நூறு சுழியமாயிற்று.
நாற்பது நாற்பதாகவே வந்தது, குருட்டை வழியில் விட்டுவிட்டு.
ஓநாயும் சுழியம்.

எங்கள் எழுத்துகளில் இரண்டு
ரஷ்யர்களிடம் இல்லாதவை.
பழைய கோப்பில் அவை கேள்விக்குறிகளாய்க் கிடந்தன.
பாதி மாவட்டம்
நான் யார், நான் யார் என்று
தன்னையே கேட்டுக்கொண்டிருந்தது.
அதையும் சரிசெய்தேன்.

பிறகு பெயர்ப் பத்தி.
சிலது காலி, சிலதில் கோடு, சிலதில் புள்ளி,
சிலதில் "தெரியாது",
சிலதில் "நெர்குய்".
நெர்குய் என்றால் எங்கள் மொழியில்
பெயர் இல்லை.
வெள்ளிக்கிழமை, மணி ஆறேகால்,
துல்மா காரை ஓடவிட்டுக் காத்திருக்கிறாள்
(நிறுத்தினால் மறுபடி கிளம்பாது).
ஐந்தையும் ஒரே வரியில் வெற்று ஆக்கினேன்.
பக்கத்தில் ஒரு குறிப்பு: தற்காலிகம், பிறகு பார்.

பிப்ரவரியில் புல் பனிக்கட்டிக்கு அடியில் போனது.
மந்தைகள் நின்றபடியே செத்தன.
தீவன மூட்டைக்குப் பட்டியல் போட்டது என் நிரல்தான்.

தொண்ணூறு கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் வந்தவள்
தொப்பியைக் கழற்றாமல் கேட்டாள்:
"என் பெயர் ஏன் இல்லை?"
"உங்கள் பெயர்?"
"நெர்குய்."

விரல் விசைப்பலகையில் நின்றது.

"எனக்கு முன்னால் பிறந்த மூன்று பேரும் தங்கவில்லை.
நோய் வாசலுக்கு வந்து உள்ளே யார் என்று கேட்டால்
யாருமில்லை என்று சொல்லத்தான் இந்தப் பெயர்.
நாற்பத்தாறு வருடமாக அது ஏமாந்து போகிறது.
நீ எப்படித் தம்பி ஏமாந்தாய்?"

அவளிடம் என்ன சொல்ல.
வெற்றும் வெற்றும் சமமா என்று கேட்டால்
இயந்திரம் ஆம் என்னாது,
இல்லை என்றும் சொல்லாது.
தெரியாது என்னும்.
அந்தத் தெரியாதுக்குள்
அவளுடைய இருநூற்றுப் பத்து ஆடுகள்
வாயை அசைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன.
கெட்டிக்காரப் பெயர்.
நோயிடமிருந்து மறைத்தது,
தீவனத்திடமிருந்தும் மறைத்துவிட்டது.

"இப்போது எத்தனை ஆடு?" என்றேன்.
"எழுதிக்கொள். முப்பத்தெட்டு.
இதற்காவது உன் பெட்டியில் இடம் உண்டா?"
உண்டு. முழு எண். சிக்கலில்லாமல் நுழைந்தது.

இரவு முழுக்கக் காகிதப் பதிவேடுகளைப் புரட்டினோம்,
துல்மா உரக்க வாசிக்க, நான் தட்ட.
பதினொரு நெர்குய்கள் திரும்பி வந்தார்கள்.
"மனிதனில்லை" என்று பொருள்படும் ஹுன்பிஷ் ஒருவன்
எங்கள் வரியில் சிக்காமலே தப்பியிருந்தான்.
துல்மா சிரித்தாள். நானும்,
கொஞ்சம் தாமதமாக.

பன்னிரண்டாவது வரிசை நிற்கவில்லை.
நீல மையில் நெர்குய்.
வயது: கோடு. தந்தை பெயர்: கோடு. செம்மறி: மூன்று.
ஆளா, விடுபட்ட இடமா?
எழுதியவர் ஓய்வுபெற்றுத் தலைநகர் போய்விட்டார்,
தொலைபேசியை எடுக்கவில்லை.
துல்மா வெற்று என்றாள். நான் பெயர் என்றேன்.
உப்புத் தேநீர் ஆறியது.

பெயர் என்றே போட்டேன்.
இரண்டு மூட்டை ஒதுக்கியிருக்கிறது.
கிடங்குக் கதவருகே, வலப்பக்கம்.
நேற்றுவரை யாரும் வரவில்லை.
ஒரு மூட்டையின் மூலையை மட்டும்
ஏதோ கடித்திருக்கிறது.