விளங்காத கை

ஈரத்துணி சொட்டியதில்தான் ஆரம்பம்.
ஒன்பதாம் மாடித் தைலம்மாவின் கைலி
எட்டில் காய்ந்த பள்ளிச் சட்டைமேல்
நீலச் சாயம் இறக்கியது.
விமலேஸ்வரி எக்கிப் பிடித்து
கைலியைக் கீழே வீசினாள்.
"எடுத்த கை விளங்காது"
மேலிருந்து ஒரே வரி.

மூன்றாம் வாரம், ஷா ஆலம் தொழிற்சாலையில்
அவள் புருஷனுக்கு இரண்டு விரல் போயிற்று.
புருஷன் கையும் அவள் கைதானே என்றார்கள்.
அப்புறம் செந்தூல் அடுக்குமாடி முழுக்க
ஞாபகசக்தி வந்துவிட்டது:
கலைந்த கரு,
ஒரு எண்ணில் தவறிய நாலு நம்பர்,
நின்றுபோன லிஃப்ட்.

செய்வினைக்குப் பாரம் கிடையாது,
'தொந்தரவு' என்று எழுதுங்கள் என்றார் நிர்வாகத்தில்.
நானும் கையெழுத்துப் போட்டேன்.
அவள் எலுமிச்சை வாங்கியதைப் பார்த்ததாகச் சொன்னேன்.
பொய்யில்லை.
பாசாரில் சேர்ந்துதான் பேரம் பேசினோம்,
ஐந்து இரண்டு வெள்ளி.

லாரி வந்த அன்றும் லிஃப்ட் ஓடவில்லை.
அலமாரியை முதுகில் இறக்கினான் மகன்.
எட்டில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தன,
என்னுடையதில் மட்டும் விரலளவு இடுக்கு.
தைலம்மா நின்றாள், மூச்சு வாங்க.
"ஊறுகா ஊறிடுச்சா?"

ஜாடியை இன்னும் திறக்கவில்லை.
பயமெல்லாம் இல்லை.
திறக்கவில்லை.