கத்தரியின் வயது

வஃப்ராவில் எங்கள் பண்ணைக்குக்
காகிதத்தில் இருபது கூடாரம்.
மணலில் பன்னிரண்டு.
மிச்சம் எட்டும் வெறும் கம்பி வளைவுகள்.
கிழிந்த பிளாஸ்டிக் காற்றடிக்கும்போதெல்லாம்
படபடவென்று யாரையோ கூப்பிடும்.

பன்னிரண்டிலும் ஏழில்தான் செடி.
நாலில் போன வருஷத்து அட்டைப்பெட்டிகள்.
ஒன்றில் அபூ மிஷாரியின் படகு நிற்கிறது,
வெள்ளரிக்கென்று மானியத்தில் வந்த
நிழல்வலைக்கு அடியில்,
வெயில் படாமல்.

எண்ணுவதற்கு வருஷம் ஒருமுறை ஆள் வரும்.
முந்தின வாரம் முழுக்க
முகந்திஸ் ராஃபத்துக்கு ரத்தக்கொதிப்பு,
எனக்கும் ஷொஹிதுலுக்கும் ராத்திரி வேலை.
பக்கத்துப் பண்ணையில் தொட்டியோடு செடி இரவல் வாங்கி
லாரியில் ஏற்றி, இறக்கி,
சொட்டுக்குழாயை ஒவ்வொன்றின் கழுத்திலும் மாட்டி,
தொட்டி தெரியாமல் மண் அணைத்து...
விடிந்தால் கத்தரி காய்த்திருக்கும்.
விதைக்காமல் அறுக்க
இவ்வளவு முதுகு வலிக்கும் என்று
யாரும் சொன்னதில்லை.

இந்த முறை வந்தது ஒரு பெண்.
தானே வண்டி ஓட்டி வந்தாள்.
காவா வேண்டாம் என்றாள்,
பேரீச்சை வேண்டாம் என்றாள்,
ராஃபத்தின் சிரிப்பையும் தாண்டி
நேராக என்னிடம் வந்தாள்.

"எத்தனை வருஷமாக இங்கே?"
"ஒன்பது."
"இந்தக் கத்தரிக்கு என்ன வயது?"

சட்டைப் பையில் அப்போதுதான் போன் துடித்தது.
எடுத்துப் பார்க்காமலே தெரியும், தவணை நாள்:
விவசாயியான என் கணக்கில்
இரண்டாயிரம் ரூபாய்
வரவு வைக்கப்பட்டிருக்கும்.

அரூர் பக்கம் ஒண்ணரை ஏக்கர்,
பட்டா என் பேரில்.
ஒன்பது வருஷமாக அதில்
ஒரு களை நான் பிடுங்கியதில்லை.
உழுவது வேடியப்பன்.
மோட்டார் காயில் எரிந்தால் ஓடுவது வேடியப்பன்.
மரவள்ளி விலை விழுந்த வருஷம்
சொசைட்டி வாசலில் நகையோடு நின்றது
அவன் பெண்டாட்டி.
பணம் மட்டும் வழி தவறாமல்
பட்டாவில் உள்ள பேரைத் தேடிக்
கடல் தாண்டி எனக்குச் செய்தி சொல்லும்.
"அந்தக் காசு யாருக்கு வருதுங்ணா?" என்று
ஒருமுறை கேட்டான்.
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அவள் இன்னும் என்னைப் பார்த்தபடி நிற்கிறாள்.

என் வயதைக் கேட்டால்
பாஸ்போர்ட்டில் உள்ளதைத்தான் சொல்வேன்,
நிஜம் மூன்று வருஷம் கூட.
கத்தரிக்கும் அப்படியே
காகிதத்தில் உள்ளதைச் சொன்னேன்:
"எழுபது நாள்."

குனிந்தாள். ஒரு செடியின் தூரில்
சுண்டுவிரலால் மண்ணை விலக்கினாள்.
கறுப்பு பிளாஸ்டிக் விளிம்பு
பிறை மாதிரி தெரிந்தது.
திரும்ப மூடிவிட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
தட்டச்சுப் பலகையில் எதையோ அடித்துக்கொண்டு
அடுத்த கூடாரத்துக்கு நடந்தாள்,
அதற்கடுத்ததற்கும்.

படகின் முன்னால் மட்டும் நின்றாள்.
"இதற்கு என்ன உரம் போடுகிறீர்கள்?"

ஷொஹிதுல் சிரித்துவிட்டான்.
ராஃபத்துக்குத்தான் இருமல் வந்தது.

பணம் இரண்டு மாதம் கழித்து வந்தது.
இருபதுக்கு அல்ல, பத்தொன்பதுக்கு.
எட்டுக் கம்பி வளைவுகளும் பிழைத்துக்கொண்டன,
இரவல் கத்தரியும் பிழைத்துக்கொண்டது.
கழிந்தது படகு மட்டும்.
அவளுக்கு மேலே யார் கையெழுத்துப் போட்டார்களோ,
அல்லது அவளுக்கும் எங்காவது
ஒரு துண்டு நிலம் இருக்கிறதோ,
எனக்குத் தெரியாது.
அபூ மிஷாரி ஒரு கூடாரத்துக்காக
ஒரு வாரம் கத்தினார்.

அந்த வெள்ளிக்கிழமை வேடியப்பனுக்கு
ஐந்நூறு ரூபாய் அனுப்பினேன்.
விதைக்கு வைத்துக்கொள் என்றேன்.
மீதி ஆயிரத்தைந்நூறைப் பற்றியும்
முதல் ஐந்நூறு யாருடையது என்பதைப் பற்றியும்
பேச்சு வரவில்லை, நான் விடவில்லை.

"உங்க மனசு யாருக்கு வருங்ணா" என்றான்.
குரல் பக்கத்தில் நின்று பேசுவது போல
அவ்வளவு தெளிவு.

சிக்னல் சரியில்லை என்றேன்.