உணவு உட்பட

டிக்கெட் முந்நூற்று ஐம்பது. உணவு உட்பட.
வறுத்த மீன் இரண்டு, தட்டுவடை செட் ஒன்று,
தயிர்சாதம், கேட்டால் ஊறுகாய்.
டோக்கன் கிழிப்பது என் வேலை.

பூலாம்பட்டியில் படகுத்துறைக்குச் சற்றுக் கீழே
நிலா இல்லாத நாளாகப் பார்த்துத் திரை கட்டினார்கள்.
எடப்பாடித் தறியில் ஓடிய வெள்ளைத் துணி,
நான்கு அகலம் சேர்த்துத் தைத்தது.
நடுத்தையல் சரியாக
கதாநாயகனின் மூக்கில் இறங்கியது.
ஆற்றுக்காற்று வரும்போதெல்லாம் கன்னம் உப்பி
பல்வலிக்காரன் போல வசனம் பேசினான்.

படம் பஞ்சத்தைப் பற்றியது.
யாரும் அதை யோசித்திருக்கவில்லை.
குணாளனிடம் இருந்தது, போட்டார்.
மேலே ஒருத்தி வெறும் பானையைச் சுரண்டுகிறாள்.
கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர்
தட்டுவடை கடிக்கிறார்கள்.
"மெதுவா" என்றது ஒரு குரல்.
மெதுவாகக் கடித்தார்கள்.
அது இன்னும் நன்றாகக் கேட்டது.

குழந்தை சாகிற இடத்தில்
அழலாம் என்றுதான் இருந்தார்கள்.
கெண்டையில் முள் அதிகம்.
சேலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள்
பல்லிடுக்கிலிருந்து எடுத்த முள்ளை
எங்கே போடுவதென்று தெரியாமல்
அந்தச் சாவு முடியும்வரை
விரல்நுனியில் பிடித்திருந்தாள்.

இடைவேளையில் தண்ணீர் கேன் எடுக்கப் பின்பக்கம் போனேன்.
பரிசலை முளையில் கட்டிவிட்டு
அம்மாசை அதிலேயே குந்தியிருந்தார்.
துணியின் மறுபுறம்
அவருக்கும் ஒரு படம் ஓடியிருக்கிறது,
எழுத்தெல்லாம் திரும்பி.
"அந்தப் பீச்சாங்கைக்காரன் பொழச்சுக்குவானா?"
எனக்கு யாரென்று விளங்கவில்லை.
விளங்கியபோது திருத்த மனம் வரவில்லை.
"இன்னும் பாதி இருக்குதுங்க" என்றேன்.

மீன் தீர்ந்திருந்தது.
காலையில் கிலோ நூற்றிருபது என்று
அவர்தான் எங்களுக்கு எடைபோட்டுக் கொடுத்தது.
தயிர்சாதம் ஒரு தட்டு கொண்டுவந்தேன்.
வாங்கி மடியில் வைத்துக்கொண்டு
திரையையே பார்த்தார்.
அங்கே ஒன்றும் இல்லை, வெள்ளைதான்.

பத்தரைக்குக் கணக்கு.
டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு, தட்டு நூற்றுப் பதிமூன்று.
குணாளன் மறுபடி எண்ணினார்.
முளையில் பரிசல் இல்லை.
எப்போது அவிழ்த்தார், முடிவைப் பார்த்தாரா, தெரியாது.
நெரிஞ்சிப்பேட்டை விளக்குகளுக்கும் எங்களுக்கும் நடுவே
துடுப்புச் சத்தம் போல ஏதோ கேட்டது,
அதுவும் நிச்சயமில்லை.

எங்கள் பக்கம் அவன் பிழைக்கவில்லை.

"ஒண்ணு இடிக்குதே" என்று
குணாளன் மூன்றாம் முறை
ஒன்றிலிருந்து தொடங்கினார்.