முப்பத்தெட்டு

ஆறு இல்லாத ஊரில்
நாற்பது ரூபாய்க்கு ஒரு மணி நேரம் தண்ணீர்.
ஊருணிக்கு வேலி, வேலியில் பலகை,
பலகையில் குளிக்காதீர்.
மிச்சம் இருப்பது
காரைக்குடி நகராட்சி நீச்சல் குளம்,
மாலை ஐந்திலிருந்து ஆறு வரை.
நீலம் பெயர்ந்த தரை. குளோரின் நெடி.
ஐந்து மணிக்கும் இறங்க மறுக்கும் மே மாத வெயில்.

டாக்டர் சொன்ன எண்ணிக்கை நாற்பது.
முதுகெலும்பில் நான்காவதும் ஐந்தாவதும்
பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறதாம்,
தண்ணீரில் விட்டுச் சமாதானம் பண்ணுங்கள் என்றார்.
ஐம்பத்தோரு வயதில்
இறுக்கமான கறுப்பு நிக்கரோடு
டிக்கெட் மேசையைத் தாண்டுகிறேன்,
கூட்டுறவு வங்கிக் காசாளன்.
இருபத்திரண்டு வருஷத்தில்
மாலைக் கணக்கு ஒரு ரூபாய் உதைத்ததில்லை.

குளத்தை நெடுக்காகப் பிரித்து ஒரு கயிறு,
ஆரஞ்சு மிதவைகள்.
இந்தப் பக்கம் நான், நகைக்கடை பெரியகருப்பன்,
போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் ஒரு பெண்
(அவள் போன பிறகுதான் அலை வரும்).
அந்தப் பக்கம் பிள்ளைகள்.

கயிறு அவர்களுக்குக் கயிறு இல்லை.
ஊஞ்சல், குதிரை,
முதலையிடம் தப்பி ஏறும் கரை.
முதலை நான்தான் என்று
பிறகுதான் தெரிந்தது.

பதினொன்றாவது சுற்றில்
ஒரு குதிகால் என் மூக்கில்.
நின்றேன். கண்ணாடியைக் கழற்றினேன்.
"இது நீந்துற இடம். கோடு தெரியலையா?"
கோடு அப்போது நாலு பேர் அக்குளில் கிடந்தது.
நனைந்த குரலில் சாரி சொன்னார்கள்,
முங்கினார்கள்,
இருபத்தாறில் மறுபடி வந்தார்கள்.

புகார்ப் புத்தகம் கேட்டேன்.
சவரிமுத்து மேசைக்கடியிலிருந்து எடுத்து
தூசி தட்டிக் கொடுத்தார்.
'பொருள்: நீந்துவோர் பகுதியில் சிறார் அத்துமீறல்'
என்று தொடங்கி
ஒரு பக்கம். ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றுதான் குறை.

மறுநாள் எதிர்ப் பக்கத்தில்
ஈரக் கை பட்டு மை கசிந்து:
'மூணு பேருக்குப் பாதி குளம்.
நாங்க பதினாலு பேர், எங்களுக்கும் பாதி.
இது மூணாப்புக் கணக்குலயே தப்பு.
மேலும் அந்த மாமா காலால எத்துறார்.
இப்படிக்கு
ஹாஜிரா, அருள்தாஸ், சிகப்பி,
குட்டி விசாலாட்சி.
(பெரிய விசாலாட்சிக்குக் காய்ச்சல்.)'

சவரிமுத்து இரண்டையும் படித்தார்.
காதைக் குடைந்துகொண்டார்.
அடுத்த நாள்
கயிறு ஒரு முழம் நகர்ந்திருந்தது.
கேட்டால்,
"தண்ணி இழுத்திருக்கும் சார்."

வெள்ளிக்கிழமை சுவரைத் தொட்டு
"நாப்பது" என்றேன், வாய்விட்டு.
மிதவையில் தாடையை வைத்துத் தொங்கிய ஹாஜிரா
"முப்பத்தெட்டு" என்றாள்.

"நாப்பது, பாப்பா."

"முப்பத்தெட்டு. தினம் எண்றோம்.
முதலை எப்பக் கரைக்குப் போகும்னு
எங்களுக்குத் தெரியணும்ல?
நீங்க நின்னு திட்டுறீங்கள்ல,
அதையும் ஒண்ணாச் சேத்துக்கிறீங்க."

தண்ணீருக்குள்ளேயே விரல் மடக்கினேன்.
பதினொன்று. திட்டு. பதின்மூன்று.
ஆமாம்.
ஒவ்வொரு முறை திட்டி முடித்துக் கிளம்பும்போதும்
எண் தானாக ஒன்று ஏறியிருந்தது,
வேலை பார்த்த களைப்போடு.
மூன்று வாரம், நாளுக்கு இரண்டு,
ஞாயிறு நீக்கி
முப்பத்தாறு சுற்று கல்லாவில் குறைகிறது.
இதை யாரிடம் எழுதிக் கொடுப்பது?

"இன்னும் ரெண்டு பாக்கி,
சீக்கிரம் போய்ட்டு வாங்க" என்றாள்,
"நடுவுல நாங்க தீவு கட்டணும்."

மணி ஐந்து ஐம்பத்தாறு.
சுவரை உதைத்தேன்.
பாதி தூரத்தில் ஒரு கை
என் கணுக்காலைப் பிடித்து, விட்டது.
நிற்கத் தோன்றியது.
நின்றால்
அதையும் எண்ணிவிடுவேன்.