ஆட்கள் ஆறு, வெளியே ஒன்று

நான்தான் அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தினேன்.
ஒனேசிம் டார்டென். ஆறடி இரண்டங்குலம்.
இந்தியானாவில், தண்டவாளத்தை ஒட்டிய கொட்டகையில்
மெழுகைப் பார்த்துக்கொள்வது என் வேலை.
மெழுகுக்குக் கனத்த சத்தம் ஆகாது.
தன் பாஸில் அவர் ஒரு தந்தியை இழுத்து விட்டதும்
ஊசி தவளையாய்த் துள்ளி விழுந்தது.
ஒரு தட்டு பாழ். முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் கதவைப் பார்த்தேன்.

புனலிலிருந்து கிளாரினெட் மூன்றடி,
கார்னெட் பன்னிரண்டடி, பியானோ சுவரோடு.
டார்டென் தாழ்வாரத்தில், குடை மாட்டும் ஆணிகளுக்குக் கீழே.
கதவை ஒருக்களித்து
இடுக்கில் ஒரு பழைய பூட்ஸைச் செருகினேன்.
பேரேட்டில் எழுதினேன்: ஆட்கள் ஆறு, வெளியே ஒன்று.

ரயில் கடக்கும்வரை பதிவு நிற்கும்.
அந்த இடைவெளிகளில் துண்டு துண்டாய்ச் சொன்னார்:
பிறந்தது நியூ ஆர்லியன்ஸில், ஆற்றுக்கு அக்கரையில்.
பகலில் கூரைகளுக்குத் தகடு அடித்தது,
சனி இரவு மீன்வறுவல் விருந்துகளில் வாசித்தது.
"முதல் பாஸுக்கு மூன்று தந்திதான்.
நாலாவதைக் காலால் தட்டிக்கொள்வேன்."
ஒருமுறை படகில் ஏற்றும்போது அது ஆற்றில் விழுந்ததாம்.
மிதந்ததாம். பின்னாலேயே குதித்து
அதைக் கட்டிக்கொண்டு கரைசேர்ந்தாராம்.
"எனக்கு நீச்சல் தெரியாது"
என்றார் கடைசியில், வேறெதையோ தேடிக்கொண்டு.

வலது சுட்டுவிரலில் நாடா சுற்றியிருப்பார்.
அவர் அடித்தால் தந்தி பலகையில் மோதி
முதலில் ஒரு சொடுக்கு, பிறகு ஒரு முனகல்.
கல் தரையில் நடக்கிறவனின் குதிகாலும்
அவனுக்குப் பின்னால் இழுபடும் மூட்டையும் மாதிரி.

மற்றவர்களுக்குத் தட்டுக்கு ஐந்து டாலர்.
வெளியே நிற்பவருக்கு இரண்டரை.
அதை நான் தீர்மானிக்கவில்லை.
கையெழுத்து மட்டும் என்னுடையது.

அக்டோபரில் ஒரு புதன். மூன்றாம் பாட்டின் நடுவில்
நேரம் தப்பி ஒரு சரக்கு ரயில்.
சிவப்பு விளக்கைப் போட்டேன். எல்லாரும் நிறுத்தினார்கள்.
விளக்கு உள்ளேதான் இருந்தது.
டார்டெனுக்கு எப்படித் தெரியும்?

அவர் வாசித்துக்கொண்டே இருந்தார்.
பெட்டி பெட்டியாய்ப் போனது ரயில்.
அவர் அதன் நடையைப் பிடித்தார்,
இல்லை, அது அவருடையதை.
கிளாரினெட் எமில் கருவியை மடியில் வைத்துத்
தலையைக் குனிந்துகொண்டான்.
எழுந்துபோய்ச் சொல்ல எவருக்கும் கால் வரவில்லை.
மெழுகு சுழன்றது.
ஊசி துள்ளவில்லை.
ஐம்பது விநாடி இருக்கும்.

விதி இது: கெட்ட பதிவைச் சீவு, தட்டை மறுபடி பயன்படுத்து.
சீவினேன்.
பழுப்புச் சுருள்கள் பூட்ஸ் மேல் விழுந்தன.
உதறிவிட்டேன்.

பழைய தட்டுகளைக் கேட்கிறவர்கள் சிலர் விசாரிப்பார்கள்,
அடியில் ஏதோ இடிக்கிறதே, இயந்திரக் கோளாறா என்று.
ஆமாம் என்று சொன்னதும் உண்டு.

பிறகு மைக்ரோஃபோன் வந்தது,
எந்தச் சத்தத்துக்கும் அஞ்சாதது.
சிகாகோவின் தென்பகுதியில் அவரைத் தேடிப் பிடித்தேன்.
டியூபா ஊதிக்கொண்டிருந்தார்.
பாஸ் தட்டில் ஏறாது என்று
குழுக்களெல்லாம் பித்தளைக்கு மாறியிருந்தன.
ஏறாது என்றது யார் என்று அவர் கேட்கவில்லை.
பாஸை விற்றாயிற்று.
மிஞ்சிய ஒரு தந்தியை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டி
அவர் மனைவி லெவீனியா கைக்குட்டைகள் காயப்போட்டிருந்தாள்.
பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் போய்
அதை ஒருமுறை சுண்டியது. நனைந்த ஒலி.

"இப்போது உள்ளேயே நிற்கலாம்" என்றேன்.
"பாக்கி எவ்வளவு?" என்றார்.
பதினெட்டுத் தட்டு. தலா இரண்டரை. நாற்பத்தைந்து டாலர்.
என் பையில் பதினொன்று இருந்தது.
எண்ணி வாங்கினார். மறுபடி எண்ணினார்.
சமையல் மேசையில் குனிந்து ரசீது எழுதித் தந்தார்,
உருண்டை எழுத்தில், அவசரமில்லாமல்:
பெற்றது பதினொன்று. நிற்பது முப்பத்து நான்கு.