இப்படி

நாலாம் பாடம்: ரோசாப்பூ.
இருபத்தாறு நிமிசம்.
ஆயிரத்தைந்நூறு கட்டிச் சேர்ந்த கேக் வகுப்பு.
வெள்ளி இரவு வரைக்கும்தான் வீடியோ இருக்கும்,
பிறகு தானாக அழியும் என்றார் ஷர்மிளா மிஸ்.
சனிக்கிழமை கணக்கப்பிள்ளை வீட்டில் பிறந்தநாள்.
அட்வான்ஸ் காசு ஏற்கெனவே
சீனியாகவும் மாஜரினாகவும் மாறிவிட்டது.

எங்கள் லயத்தில் பார்ப்பது நடக்காது.
வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றும்.
இறக்கித்தான் பார்க்க வேண்டும்.
இறக்குவதற்கு ஏற வேண்டும்:
பதினோராம் நம்பர் மலை,
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒரு கல்.
அதன்மேல் நின்றால் இரண்டு கோடு.
மேகம் வந்தால் ஒன்று.

இரா டேட்டா பன்னிரண்டுக்குத் தொடங்கும்.
டோர்ச் பிடிக்கக் கொழுந்தன் விமலரூபன் வந்தான்,
அட்டைக்குப் பயந்து
முழங்கால்வரை சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு.

முதல் தடவை பதினேழு வீதத்தில் நின்றது.
அடுத்தது, இணைப்பு காலாவதி என்றது.
புதிதாக எடுத்து ஒட்டினேன்.
இடம் போதாது என்றது.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்
ஆறு பேர் படுக்கிறோம்,
எங்களிடமே சொல்கிறது.

எதை அழிக்க?
போன வருசக் காமன் கூத்து போனது.
மாமாவின் ஸ்கேன் படத்தில் கை வைக்க மனம் வரவில்லை.
ஒரு கிரிக்கெட் மேட்ச் போனது;
அது என் போனுக்குள் எப்படி வந்தது என்று
விமலரூபன் கடைசிவரை சொல்லவில்லை.

மூன்றரைக்கு
'முடிந்தது' என்று பச்சைச் சரி.
திறந்தால் கறுப்பு.
கறுப்புக்குள்ளிருந்து மிஸ்ஸின் குரல் மட்டும்:
"பையை இப்படிப் பிடியுங்க.
இப்படி இல்ல, இப்படி.
இதழ் இப்படித் திரும்பணும்.
பாருங்க, எவ்வளவு லேசு."

அவன் தன் போனில் வேறொரு ஆப் போட்டான்.
அதில் கை வந்தது, குரல் வரவில்லை.
இரண்டும் தனித்தனியாகத்தான் வருமாம்,
சேர்த்துவைக்க இந்த ஆப்புகளுக்குத் தெரியாதாம்.
சரி, நாமே சேர்த்துவைப்போம் என்று
இரண்டு போனையும் கல்லில் சாய்த்து
ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்தினோம்.
குரல் முந்தியது.
நிறுத்தி அழுத்தினால் கை முந்தியது.
மிஸ் "இப்படி" என்றபோது
கை பையைக் கீழே வைத்துவிட்டு
மூக்கைத் துடைத்தது.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
பங்களா நாய் குரைக்கத் தொடங்கியது.

படமும் பன்னிரண்டாம் நிமிசத்தில் உறைந்தது.
மூன்று இதழ் வரைக்கும் ரோசா.
அதற்குமேல் மிஸ்ஸின் விரல்
அந்தரத்தில், கட்டம் கட்டமாக.

வெள்ளி பின்னேரம்
மூன்று இதழ் வைத்தேன். நாலாவது சரிந்தது.
வழித்தெடுத்து மறுபடி வைத்தேன்.
கோவா மாதிரி வந்தது.
குளிரில் இறுகும் ஐசிங் பையை
வெந்நீர்ப் போத்தலில் ஒற்றி ஒற்றி
இன்னொரு கோவா.

அடுப்படியில் மிலாறுக் கட்டு கிடந்தது.
ஒரு குச்சியில், வாடாமல்,
தேயிலைப் பூ.
ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள்.
எதுவும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.
முப்பத்திரண்டு பூ போட்டேன்.

கணக்கப்பிள்ளை கேக்கைச் சுற்றிவந்து பார்த்தார்.
"பூத்த செடியில கொழுந்து ஏது?
எந்த மலையில கண்ட?"
"பதினோராம் நம்பர், ஐயா."
வாய் தவறிவிட்டது.
பிறந்தநாள் வீட்டிலும் அவர் சட்டைப்பையில் ஒரு கொப்பி இருந்தது.
அவர் எழுதி முடிப்பதற்குள்
மகள் திவிஷா நாலு பூவை நக்கிவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் விமலரூபன் வந்தான்.
வியாழன் இரவு யாருக்கும் சொல்லாமல்
போனை சொப்பிங் பையில் சுற்றிக்
கல்லிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.
பனி குடித்து அது செத்துப்போக,
பொகவந்தலாவையில் கழற்றிக் காயவைத்து
எண்ணூறு ரூபா.
"பாருங்க அண்ணி" என்றான்.
இருபத்தாறு நிமிசம். குரலும் கையும் ஒன்றாக.
என் போனுக்கு அனுப்பினான்.

இன்று ஐந்தாம் பாடம்:
இரண்டு தட்டுக் கேக், நாற்பத்தொரு நிமிசம்.
கல்லில் நிற்கிறேன்.
இடம் போதாது, எதை அழிக்க என்கிறது.
இன்னும் திறக்காத ரோசாவுக்கு மேலே
என் விரல்.